தாலி ஏறினால் வயது ஏறாது: திருமுக்கூடல் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரம் மலையேறி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வந்து, பார்வேட்டை முடித்துத் திரும்பியாயிற்று. இனி ஊரில் பேச்செல்லாம் முகூர்த்த நாள்தான். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் கூட்டம் கூடும், மண்டபங்களுக்கு முன்பணம் போகும். இதே வாரங்களில்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வரும்போது என் போன்ற வழக்கறிஞர்களிடம் ஒரு கேள்வி வரும். நேராக வராது, "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். பெண்ணுக்குப் பதினேழு நடக்கிறது, நல்ல இடம் வந்திருக்கிறது, மாப்பிள்ளை ஒரகடத்தில் கம்பெனி வேலை. "சட்டத்துல தப்புன்னு தெரியும்மா. ஆனா தாலி ஏறிட்டா அவ மேஜர் ஆன மாதிரிதானே? அதுக்கப்புறம் யாரு என்ன கேக்க முடியும்?"

இந்த மடல் அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும். இளவயதுத் திருமணம் உடம்புக்குக் கேடு, படிப்புக்குக் கேடு என்று அங்கன்வாடிச் சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. கல்யாணம் ஆனதும் பெண் பெரியவள் ஆகிவிடுகிறாள் என்ற நினைப்பு எவ்வளவு தப்பு என்பதை மட்டும் சொல்கிறேன். படிக்காதவர்கள் மட்டுமா அப்படி நினைக்கிறார்கள்? காவல் நிலையத்தில் உட்கார்ந்து "அதான் கல்யாணம் ஆயிடுச்சே, பேசி அனுப்பிடலாம்" என்று சமாதானம் பேச வரும் ஊர்ப் பெரியவர்களின் நினைப்பும் அதுதான்.

இந்தியாவில் ஒருவர் மேஜர் ஆவது 18 வயது நிறையும்போது. 1875இல் வந்த இந்திய மேஜர் வயதுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. திருமணம் ஆனால் முன்கூட்டியே மேஜர் ஆகலாம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒன்பது வயதில் கல்யாணம் நடக்கும், சட்டமும் கண்டுகொள்ளாது. திருமணம், விவாகரத்து, தத்து போன்றவற்றில் தலையிட மாட்டேன் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் சொத்து, கடன், கையெழுத்து என்று வந்தால் அந்த ஒன்பது வயதுக்காரி இன்னும் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903இல் ஒரு கல்கத்தா வழக்கில் சொன்னது இன்றுவரை நிற்கிறது.

இதை உங்கள் கணக்குக்குக் கொண்டுவருகிறேன். பதினாறு வயதில் கட்டிக்கொடுத்த பெண்ணின் கழுத்தில் பத்துப் பவுன் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு வளையலை அவள் பேரில் வங்கியில் அடகு வைக்க அவளால் முடியாது. உங்கள் குழுவில் அவளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. 18 நிறைந்திருக்க வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தறி அவள் பேரில் ஏறாது. ஓட்டு கிடையாது. மாமியார் வீட்டில் அடி வாங்கினாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் தன் பேரில் தானே வழக்குப் போட முடியாது. அவளுக்காகப் பெரியவர் ஒருவர் போட வேண்டும். குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம், அந்தப் பிள்ளைக்குப் பாலூட்டலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மட்டும் வயது பத்தாது.

அப்படியென்றால் தாலி சட்டத்தில் எதைத்தான் மாற்றியது? பொறுப்பாளரை மாற்றியது. 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி, திருமணமான மைனர் பெண்ணின் கணவன் தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதினால் தவிர, வேறொருவரை அவளுக்குப் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதை இன்னும் வெளிப்படையாகவே சொன்னது: மணமாகாத மைனர் பெண்ணுக்கு இயற்கைப் பாதுகாவலர் அப்பா, அவருக்குப் பின் அம்மா, மணமான மைனர் பெண்ணுக்குக் கணவன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மைனர் ஒருவன் இன்னொரு மைனருக்குப் பாதுகாவலராக இருக்க முடியாது என்று சொல்லும் 1890 சட்டம், சொந்த மனைவிக்கும் சொந்தப் பிள்ளைக்கும் மட்டும் விலக்குத் தருகிறது. சைக்கிள் வாங்கக்கூட அப்பாவின் கையெழுத்து தேவைப்படும் பையன் மனைவிக்குப் பாதுகாவலர்!

பாதி நெய்த பாவை ஒரு தறியிலிருந்து இறக்கி இன்னொரு தறியில் ஏற்றிவிட்டு, புடவை முடிந்துவிட்டது என்று எந்த நெசவாளியும் சொல்ல மாட்டார். நம் சட்டமும் பெண் வளர்ந்துவிட்டாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வளர்க்கிற கையை மாற்றுவதோடு நின்றுகொண்டது.

மாப்பிள்ளை பேரில் வந்த அந்த உரிமைக்கும் 2011இல் நம் பக்கத்திலேயே ஒரு முடிவு வந்தது. திருவள்ளூரில் தொடங்கிய வழக்கு அது. மைனர் பெண்கள் வீட்டை விட்டுப் போய்த் திருமணம் செய்துகொள்வதும், பெற்றோர் ஒரு பக்கமும் கணவன் ஒரு பக்கமும் ஆட்கொணர்வு மனுப் போடுவதும், நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்புச் சொல்வதுமாக இருந்த காலம். குழப்பத்தைத் தீர்க்க சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு உட்கார்ந்தது. 2006இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்துவிட்டதால், மைனர் பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆண் அவளுக்கு இயற்கைப் பாதுகாவலர் ஆக முடியாது என்று அது தீர்ப்பளித்தது. 1956 சட்டத்தின் அந்த வரி, புத்தகத்தில் இருந்தாலும், இந்த அளவுக்கு உயிர் இழந்துவிட்டது. பெண்ணே அவனோடுதான் போவேன் என்று சொன்னாலும் நீதிமன்றம் அவளை அவனிடம் ஒப்படைக்காது.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. அந்தத் திருமணம் தானாகச் செல்லாமல் போய்விடாது. நீதிமன்றத்தில் ரத்து செய்யப்படும் வரை அது இருந்துகொண்டுதான் இருக்கும். ஆக, பெண் கல்யாணம் ஆனவள், மேஜர் இல்லை. கணவன் இருக்கிறான், பாதுகாவலன் இல்லை. அவள் பெற்றோரிடம் போக மறுத்தால், தன் நிலையைப் புரிந்து சொல்கிறாள் என்று நீதிமன்றம் கருதினால், 18 நிறையும் வரை குழந்தைகள் இல்லத்தில் தங்க வைக்கலாம்.

இந்தக் கடைசிப் பகுதி எனக்கு இன்றும் உறுத்துகிறது. சொந்தக்காரப் பையனுக்கு வலுக்கட்டாயமாகக் கட்டி வைக்கப்பட்ட பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இல்லம் அடைக்கலம். வேறு சாதிப் பையனோடு போன பதினேழரை வயதுப் பெண்ணுக்கு, அப்பா வீடு திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், அது ஆறு மாதக் காவல். சட்டம் இருவரையும் ஒரே வரியில் வைக்கிறது. வேறு எங்கே வைப்பது என்று கேட்டால் என்னிடமும் நேரான பதில் இல்லை. அவளைக் கணவன் கையில் கொடுப்பது பதில் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

"கல்யாணம் ஆனவளை மேஜர் என்று சட்டமே அறிவித்துவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காதே" என்று என்னோடு வாதிடும் இளம் வழக்கறிஞர்கள் உண்டு. உலகத்தில் அப்படிச் சட்டம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரிக்குப் போனால் போதும். 1804இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 476ஆம் பிரிவுப்படி, மைனர் திருமணம் செய்துகொண்டதுமே பெற்றோரின் ஆளுகையிலிருந்து விடுபட்டார். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையால், தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களும் இதன் கீழ் வந்தன. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததால் 1873இல் வெளியேற்றப்பட்ட வழக்கறிஞர் அவர். எங்கள் தொழில்காரர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

அந்தச் சட்டத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அதே புத்தகத்தின் 213ஆம் பிரிவு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. அப்பாவிடமிருந்து விடுதலை, கணவனிடம் கீழ்ப்படிதல். அவள் போய்ச் சேர்ந்த இடம் நம் 1956 சட்டம் கொண்டுபோய் விட்ட அதே இடம்தான். பையனுக்கு மட்டுமே அந்த விடுதலை விடுதலையாக இருந்தது. பின்னாளில் அப்படிச் சட்டம் வைத்திருந்த நாடுகளே அதிலிருந்து நகர ஆரம்பித்தன. பெண்ணின் திருமண வயதை 15இலிருந்து 18 ஆக பிரான்ஸ் உயர்த்தியது 2006இல். மணமான மைனரை மேஜராகக் கருதும் விதியை ஜப்பான் 2022 ஏப்ரலில் எடுத்தேவிட்டது. அதே நாளில் பெண்ணின் திருமண வயது 16இலிருந்து 18 ஆனது, மேஜர் வயது 20இலிருந்து 18 ஆக இறங்கியது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றதும் அந்த விதிக்கு வேலை இல்லாமல் போனது. என் கட்சியும் அதுதான். கல்யாணத்தைச் சாவியாக வைத்தால், மகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுக்க இன்னொரு காரணத்தைச் சட்டமே கையில் கொடுத்ததாகிவிடும்.

இனி மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி. "நல்ல பையன், எங்க பொண்ண நல்லா வச்சிக்குவான்" என்கிறீர்கள். சரி, அவன் கதி என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? மனைவி என்றாலும் 18 நிறையாதவளுடன் உறவு கொள்வது வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 11 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதுவே சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், மைனர் பெண் கர்ப்பமானால் குற்றம் கடுமையான வகைக்குப் போகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 20 வருடம்.

"யாரு போய் சொல்லப் போறா?" என்று கேட்பீர்கள். மருத்துவமனைப் பதிவேடு சொல்லிவிடும். திருமுக்கூடல்காரர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதுலர் சாலை எனப்பட்ட 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, என்னென்ன மருந்து இருப்பில் வைக்க வேண்டும் என்பது வரை அதில் பதிந்திருக்கிறார்கள். இன்றைய ஆரம்ப சுகாதார நிலையமும் எல்லாவற்றையும் பதியும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது வயது கேட்பார்கள். 18க்குக் கீழே என்றால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி அவர்கள் கடமை. தெரிவிக்காவிட்டால் தண்டனை அவர்களுக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் வயதைப் பார்த்துத்தான் தருகிறார்கள். ஆதார் அட்டையில் பிறந்த வருடத்தை மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீதிமன்றம் பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும்தான் முதலில் கேட்கும்.

அம்மாமார்களுக்கு ஒரு தனி வரி. குழந்தைத் திருமணத்தை நடத்தி வைத்தவர்களுக்கு இரண்டு வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. திருமணத்தை அனுமதித்த பெற்றோர், பொறுப்பாளர்களில் பெண்களுக்கு மட்டும் சிறைத் தண்டனை கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, "நீங்க முன்னாடி நில்லுங்க, உங்களுக்கு ஜெயில் இல்ல" என்று ஆண்கள் உங்களைத் தாரை வார்க்க அனுப்பினால், அபராதம் உங்கள் பேரில்தான் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் வறுமை இல்லை. "யார்கூடவாவது போயிட்டா என்ன பண்றது?" என்பதுதான். இந்த பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஊர் வாய்க்கு பயந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால் காலம் மாறிக்கொண்டு வருகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள் 2015–16இல் நூற்றுக்கு 16.3, 2019–21இல் 12.8. இந்திய அளவில் அது 23.3. இதே காஞ்சிபுரத்துத் தறிகளில் கோர்வைப் புடவைக்குக் கரை நாடா போட எட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளை இல்லாமல் கோர்வை நெய்யவே முடியாது என்றார்கள். நெய்துகொண்டுதான் இருக்கிறோம். தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறது. கல்யாணத்துக்குத் தந்த காசு படிப்புக்குப் போகிறது என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது.

கடைசியாக, குழுக்களுக்கு இதை எழுதக் காரணமான விஷயம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இளவயதில் மணம் முடிக்கப்பட்டவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. மேஜர் ஆகி இரண்டு வருடம் முடிவதற்குள் கேட்க வேண்டும். பெண்ணுக்கு அது 20 வயது. அந்த நாள் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும், பிறகு விவாகரத்து ஒன்றே மிச்சம். ரத்தானால் இரு வீட்டாரும் வாங்கிய நகை, பணம், பொருள் எல்லாவற்றையும் திருப்பித் தர உத்தரவிடப்படும். மறுமணம் செய்யும் வரை பெண்ணுக்கு ஜீவனாம்சமும் தங்க இடமும் கேட்கலாம். பிள்ளை பிறந்திருந்தால் அது சட்டப்படியான பிள்ளைதான், ரத்தானாலும் மாறாது.

18க்கு முன்பே ரத்து கேட்க வேண்டுமென்றால்? அவள் மைனர் என்பதால் பாதுகாவலரோ, அவள் நலம் நாடும் வயதுவந்த ஒருவரோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோடு சேர்ந்து மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் அந்த அலுவலர். இங்கேதான் சட்டம் தடுக்கி விழுகிறது. பாதுகாவலர் என்றால் பெற்றோர், கட்டிக்கொடுத்தவர்களே அவர்கள்தானே. அவர்கள் எப்படி வந்து ரத்து கேட்பார்கள்? எனவே மிச்சமிருப்பது அந்த "நலம் நாடும் ஒருவர்". அவர் சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு குழுத் தலைவி அந்த இடத்தில் நிற்கலாம். அவளுக்குச் சட்டம் தராத கையெழுத்தை உங்களில் ஒருவர் போடலாம்.

கல்யாணம் நடக்கும் முன்பே தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம், பேர் சொல்ல வேண்டியதில்லை. நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் நீதித்துறை நடுவரிடம் தடையாணை கேட்கலாம். தடையாணையை மீறி நடந்த திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. ரத்து கேட்டு அலைய வேண்டியதில்லை. "நிச்சயம் மட்டும்தான் பண்றோம்" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். குழந்தைகளுக்கு நிச்சயம் செய்வதையும் தடை செய்வது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 அன்று சொல்லியிருக்கிறது. சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் நிச்சயம் செய்துவிட்டு அதிகாரிகள் போனதும் கோயிலில் தாலி கட்டும் வித்தை உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் கடந்த சில வருடங்களில் 18க்கு முன் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் யார், அவர்களில் இன்னும் 20 நிறையாதவர்கள் யார் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் பாருங்கள். கூட்டத்தில் பெயர் சொல்ல வேண்டாம். நன்றாக வாழ்கிறவளை யாரும் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு கெடு இருக்கிறது என்று அவளிடம் தனியாகச் சொல்ல ஒருவர் வேண்டும். வேண்டும் என்பவளை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள். தொலைபேசி எண் 15100. போகும்போது பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை இல்லையென்றால் தேதி தெரியும்படியான கல்யாணப் புகைப்படம் ஏதாவது போதும்.

அன்புடன்,
காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் வழக்காடும் உங்கள் சகோதரி